வைத்தியர் நோயுற்றால்?

மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை நீண்டு கிடக்கும் நமது கடலோர ஊர்களில் வைத்தியருக்கு உள்ள மதிப்பைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு வீட்டுப் பிள்ளை மருத்துவ பீடத்துக்குத் தெரிவானால் அத்தெரு முழுவதும் மகிழ்கிறது. கலியாணப் பேச்சிலும், பள்ளிவாயல் நிருவாகத்திலும், ஊர்ப் பிணக்கைத் தீர்க்கக் கூடும் சபையிலும் டொக்டரின் சொல்லுக்குத் தனி எடை உண்டு. நடுச்சாமத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் உம்மாவின் வாயில் இறைவன் பெயருக்கு அடுத்தபடியாக வருவது வைத்தியரின் பெயரே.

இம்மதிப்புத் தகாததன்று. பல்லாண்டு படித்து, உறக்கம் இழந்து, பிறர் நோயைத் தம் கவலையாகக் கொண்டு வாழ்பவருக்கு ஊர் தரும் நன்றிக்கடன் அது. ஆயினும் அம்மதிப்பின் நிழலிலே நாம் கேட்க அஞ்சும் கேள்வி ஒன்று உண்டு. நம் நோயைத் தீர்ப்பவர் தாமே நோயுற்றால், அந்நோய் அவருடைய கையையும் அறிவையும் தீண்டுவதாக இருந்தால், அதனைக் கண்டவர் என்ன செய்தல் வேண்டும்? வைத்தியரின் மானத்தைக் காப்பதா? நோயாளியின் உயிரைக் காப்பதா? இரண்டையும் ஒருங்கே காக்க வழி உண்டா? நேயர்களே, இவ்வாரம் இதனைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

நோய் வேறு, தளர்ச்சி வேறு

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் நன்று. நீரிழிவு உள்ள வைத்தியர், ஒரு கால் ஊனமுற்ற வைத்தியர், மனச்சோர்வுக்கு முறையாக மருந்துண்டு நலமாகப் பணிபுரியும் வைத்தியர் ஆகிய இவர்களை நாம் ஐயுறுவதற்கு யாதொரு காரணமும் இல்லை. நோய் மனிதர் அனைவருக்கும் பொது. நாம் இங்கே பேசுவது வேறொரு நிலை. மது, போதைவஸ்து, உள்ளத்தின் நோய், முதுமையால் வரும் மறதி, அளவு கடந்த களைப்பு ஆகிய இவற்றுள் ஒன்றால் ஒருவருடைய தொழில் ஆற்றல் தளர்ந்து, அவர் கையில் நோயாளிக்குத் தீங்கு நேரக்கூடிய நிலை உண்டாகுமானால், அதுவே நம் கவலைக்கு உரியது. இந்நிலையின் கொடுமை யாதெனில், தளர்ச்சி வளர வளர, தாம் தளர்ந்திருக்கிறோம் என்பதை அறியும் ஆற்றலும் அவரிடத்திற் குறைந்துவிடுகிறது.

இதனை அறியாமையோடும் பேராசையோடும் குழப்பலாகாது. போதிய பயிற்சி இல்லாதவருக்குப் பயிற்சி தேவை. பணத்துக்காக நோயாளியை ஏய்ப்பவருக்குத் தண்டனை தேவை. நோயுற்ற வைத்தியருக்கோ சிகிச்சை தேவை. அது முடியும் வரை நோயாளருக்குப் பாதுகாப்புத் தேவை. மூன்று குறைகளுக்கும் ஒரே பிரம்பை எடுக்கும் ஊரிலே, நோயுற்றவர் தம் நோயை மறைக்கவே கற்றுக்கொள்வார்.

வைத்தியருக்கு இவ்வாபத்து நேர்வதற்குச் சில தனிக் காரணங்களும் உள. வலியை மாற்றும் மருந்தும் தூக்கம் தரும் மருந்தும் பிறருக்கு எட்டாத உயரத்தில் இருக்க, அவருக்கோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. தமக்குத் தாமே மருந்தெழுதும் வழக்கம் எளிதில் ஒட்டிக்கொள்கிறது. நாள்தோறும் மரணத்தைக் கண்டுவரும் உள்ளம் தன் பாரத்தை இறக்கிவைக்க இடமின்றித் தவிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிறரைக் குணப்படுத்தும் தாமே நோயாளி என்று ஒப்புக்கொள்வதில் அவருக்கு ஒரு வெட்கம் உண்டாகிறது.

கையுறை தந்த கை

வரலாற்றில் இதற்குப் பேர்பெற்ற உதாரணம் ஒன்றுண்டு. சத்திரசிகிச்சைக் கூடத்தில் வைத்தியர்கள் இன்று றப்பர்க் கையுறை அணிகின்றார்கள் அல்லவா? அவ்வழக்கத்துக்கு வழிகாட்டியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட். கிருமிகொல்லித் திரவத்தால் ஒரு தாதியின் கைகள் புண்ணாவதைக் கண்டு, 1889-90ஆம் ஆண்டளவில் மெல்லிய கையுறைகளைச் செய்வித்தவர் அவர். இளம் சத்திரசிகிச்சை வைத்தியர்களைப் படிப்படியாகப் பயிற்றும் முறையையும் அவர் வகுத்தார். உலகின் பல நாடுகளிலும் அம்முறை பின்னர் வேரூன்றியது.

இப்பெரியார் 1884ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் கொக்கெயின் என்னும் மருந்தை ஆராய்ந்தார். அதனை ஊசி மூலம் ஏற்றி, உடலின் ஒரு பகுதியை மட்டும் மரக்கச் செய்யலாம் என்று காட்டுவதே அவர் நோக்கம். அக்காலத்தில் அம்மருந்தின் தீமையை எவரும் நன்கறியார். ஆகவே அவரும் அவருடைய தோழர்களும் தங்கள் உடலிலேயே அதனைச் சோதித்தனர். விளைவு, மருந்து அவர்களைப் பற்றிக்கொண்டது. ஹால்ஸ்டெட் 1886ஆம் ஆண்டில் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற நேர்ந்தது. கொக்கெயினை விடுவிக்கும் முயற்சியில் மோர்பின் என்னும் மற்றொரு மருந்துக்கும் அடிமையானார்.

அவருடைய நண்பரான வில்லியம் வெல்ச் அவரைக் கைவிட்டாரல்லர். பால்ட்டிமோர் நகருக்கு அழைத்துத் தமது ஆய்வுகூடத்தில் வேலை கொடுத்தார். படிப்படியாகத் தேறிய பின்னர், அந்நகரில் 1889ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைப் பொறுப்பை ஏற்றார் ஹால்ஸ்டெட். அவர் முற்றாகக் குணமடைந்துவிட்டார் என்றே உலகம் நம்பியது. 1922ஆம் ஆண்டு அவர் மறைந்த பின்னரும் அந்நம்பிக்கை நெடுங்காலம் நிலைத்தது. ஆனால் அவருடன் பணியாற்றிய வில்லியம் ஒஸ்லர் என்னும் புகழ்பெற்ற வைத்தியர், மோர்பின் பழக்கம் ஹால்ஸ்டெட்டை விட்டகலவில்லை என்பதை அறிந்திருந்தார். அதனை ஒரு குறிப்பேட்டில் எழுதி, மூடி வைத்துவிட்டார். 1969ஆம் ஆண்டிலேயே அக்குறிப்பு வெளியுலகின் கண்ணிற் பட்டது.

இக்கதையில் நாம் இரண்டு பாடங்களைக் காணலாம். வெல்ச் செய்தது மனிதத்தன்மையுள்ள செயல். நோயுற்றவரைக் குப்பையில் எறியாமல், முதலில் நோயாளரைத் தொடாத வேலையைக் கொடுத்து, சிறிது சிறிதாக மேலே கொண்டுவந்தார். அவ்வாறு செய்திராவிடில் மருத்துவ உலகம் ஒரு மேதையை இழந்திருக்கும். ஆனால் மேலே வந்த பின்னர் முறையாகக் கவனித்திருப்பது எவருடைய கடமையாகவும் வைக்கப்படவில்லை. நண்பர்களின் அன்பு இரகசியத்தைக் காத்தது. அவருடைய மேசையிற் படுத்த நோயாளருக்கோ அந்த இரகசியம் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியும் இல்லை. அவர்கள் சார்பில் பேசுவதற்கு ஒருவரேனும் இருந்திருத்தல் வேண்டும் அன்றோ?

புகழே மறைத்த மறதி

முதுமை என்பது எவருடைய குற்றமும் அன்று. ஆயினும் அதன் விளைவை மறைத்தல் பிழையாகலாம். ஜெர்மனியைச் சேர்ந்த பேர்டினாந்த் சவர்புரூக் என்பவர் மார்பைத் திறந்து சத்திரசிகிச்சை செய்யும் வழியை 1904ஆம் ஆண்டளவில் உலகுக்குக் காட்டிய வீரர். பேர்லின் நகரத்துச் ஷரிட்டே வைத்தியசாலையில் 1927ஆம் ஆண்டு முதல் அவர் கொடி பறந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் அவருக்கு எழுபது வயது. மூளையின் இரத்தக்குழாய்கள் தளர்ந்து, நினைவும் நிதானமும் குறையத் தொடங்கின. சத்திரசிகிச்சைக் கூடத்தில் அவருடைய கை தடுமாறுவதை உதவியாளர்கள் கண்டார்கள். கண்டும், அவ்வளவு பெரிய மனிதரிடம், "ஐயா, போதும்" என்று சொல்ல எவருக்கும் நா எழவில்லை. அதிகாரிகளும் அவருடைய புகழுக்கு அஞ்சிக் காலத்தைக் கடத்தினார்கள். இறுதியில் 1949ஆம் ஆண்டின் முடிவிலேயே அவர் பதவியை விட்டு நீங்கினார். அதன் பின்னரும் அவர் தனிப்பட்ட முறையில் நோயாளருக்குச் சிகிச்சை செய்வதை நிறுத்தவில்லை. 1951ஆம் ஆண்டு மறைந்தார். அவருடைய இறுதிக் காலத்தை யூர்கன் தோர்வால்ட் என்னும் எழுத்தாளர் 1960ஆம் ஆண்டில் ஒரு நூலாகவே எழுதினார்.

சவர்புரூக்கைக் குறை கூறுதல் எளிது. ஆனால் தாம் தளர்ந்ததை உணரும் ஆற்றலையே அவருடைய நோய் பறித்திருந்தது. அவரைச் சூழ்ந்து நின்றவர்களுக்கோ அறிவு தெளிவாக இருந்தது. ஆதலின் கேள்வி அவர்களையே சாரும். மரியாதை என்று அவர்கள் எண்ணியது உண்மையில் மரியாதைதானா? வாழ்நாள் முழுவதும் உயிர்களைக் காத்த ஒருவருடைய இறுதி ஆண்டுகள் அவருடைய கையால் நேர்ந்த தீங்குகளால் நினைக்கப்படும்படி விட்டுவிடுதல், அவருக்கு ஒருவர் செய்யக்கூடிய பெரும் அவமரியாதை அன்றோ?

களைப்பும் ஒரு போதையே

மது அருந்தியவர் வாகனம் ஓட்டினால் பொலிசார் பிடிப்பர். உறக்கமின்றி இரண்டு நாள் நின்றவர் நோயாளிக்கு ஊசி ஏற்றினால் எவரும் பிடிப்பதில்லை. ஆனால் விஞ்ஞானம் இவ்விரண்டையும் அருகருகே வைக்கிறது. 1997ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் வெளியிட்ட முடிவின்படி, ஒருவர் தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தால் அவருடைய செயற்றிறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவரின் நிலைக்குத் தாழ்கிறது. 24 மணி நேரம் விழித்திருந்தால் ஏறத்தாழ 0.10 சதவீதத்தின் நிலைக்கு இறங்கிவிடுகிறது.

நமது நாட்டில் அரசாங்க வைத்தியர்கள் கடமை நேரத்துக்கு வெளியே தனியார் சிகிச்சை செய்ய அனுமதி உண்டு. பகல் முழுவதும் வைத்தியசாலையில் வரிசை. மாலையில் 'சனல்' நிலையத்தில் வரிசை. இரவில் மீண்டும் அவசர அழைப்பு. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் வைத்தியர் பலர் வெளிநாடு சென்றுவிட்டமையால், எஞ்சியவர்களின் தோளிற் பாரம் இன்னும் கூடியது. இரவு பதினொரு மணிக்கு நாற்பதாவது இலக்கத் துண்டோடு காத்திருந்து, "டொக்டர் எப்படியும் பார்க்கத்தான் வேண்டும்" என்று நாம் அடம்பிடிக்கும்போது, அவருடைய களைப்பில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மறத்தலாகாது.

கோபங்கொண்ட நிலையில் நீதிபதி தீர்ப்பு வழங்கலாகாது என்னும் நபிவழிப் போதனையை நம்மில் அறியாதார் இலர். மார்க்கச் சட்ட அறிஞர்கள் அதனை விரித்து, கடும் பசி, தூக்க மயக்கம், உடல்வலி முதலிய நிலைகளுக்கும் பொருந்தும் என்று கொண்டனர். ஒரு காணிப் பிணக்கைத் தீர்ப்பவருக்கே இவ்விதி என்றால், ஓர் உயிரைப் பற்றித் தீர்மானிப்பவருக்கு அது எத்துணை பொருந்தும்!

நாம் ஏன் வாய் திறப்பதில்லை?

ஓர் ஊரை எண்ணிப் பாருங்கள். அது எந்த ஊராகவும் இருக்கலாம். அங்குள்ள வைத்தியசாலையில் ஒரு துறைக்கு ஒரே ஒரு நிபுணர். கைராசிக்காரர், ஏழையிடம் காசு வாங்காதவர். சில மாதங்களாக அவரிடம் மாற்றம் தெரிகிறது. காலையில் பிந்தி வருகிறார். எழுதிய மருந்தின் அளவு இருமுறை தவறிவிட்டது. தாதி கண்டு திருத்தினார். முன்பு புன்னகையோடு பேசியவர் இப்போது எரிந்து விழுகிறார். சில வேளைகளில் மூச்சில் மணம் வீசுகிறது. விடுதியில் பணிபுரியும் ஐவருக்கு இது தெரியும். மருந்துக்கடைக்காரருக்குத் தெரியும். வாகனச் சாரதிக்கும் தெரியும். ஆனால் தெரியவேண்டிய ஒருவருக்கு, அதாவது நடவடிக்கை எடுக்கும் பொறுப்புள்ளவருக்கு, எவரும் சொல்லவில்லை. ஏன்?

முதற் காரணம் உறவு. நமது கரையோரத்தில் குடிவழி பார்ப்பது பழைய மரபு. மணமுடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்வதும் மரபு. ஆகவே டொக்டர் என்பவர் ஒருவருக்கு மருமகன், மற்றொருவருக்கு மச்சான், இன்னொருவருக்கு மைத்துனியின் கணவர். அவர்மேற் சொல்லும் சொல் ஒரு குடிமேற் சொன்ன சொல்லாகிவிடும். திருமணங்கள் குழம்பும், பேச்சுவார்த்தை அறுந்துபோம்.

இரண்டாவது காரணம் இழப்பின் அச்சம். அவர் போய்விட்டால் வேறொருவர் வருவாரா? கல்முனையிலிருந்து மட்டக்களப்பு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணுக்கு அது நெடுந்தூரம். "குறையுள்ள வைத்தியர், வைத்தியரே இல்லாமையிலும் மேல்" என்று ஊர் தன்னைத் தேற்றிக்கொள்கிறது. இவ்வாதத்தில் நியாயம் இல்லை என்று தள்ளிவிட முடியாது. எனினும், ஒரு தாயின் உயிர் போன பின்னர் அந்நியாயம் எவர் முன்னும் நிற்காது. அதற்கு முன்பே பதில் வைத்தியரை ஏற்பாடு செய்யக் கேட்பதன்றோ அறிவுடைமை?

மூன்றாவது காரணம் மார்க்கப் பற்றுள்ளோரிடம் காணப்படுவது. புறம்பேசுதல் பாவம், பிறர் குறையை மறைத்தல் புண்ணியம். இவ்விரண்டும் உண்மை. ஆனால் இவற்றின் எல்லையையும் நம் முன்னோர் வகுத்திருக்கின்றனர். கி.பி. 1277இல் மறைந்த இமாம் நவவீ அவர்கள், நமது மத்ரஸாக்களிலும் பள்ளிவாயல்களிலும் இன்றும் ஓதப்படும் 'ரியாளுஸ் ஸாலிஹீன்' என்னும் நூலில், ஒருவரைப் பற்றி அவர் இல்லாதவிடத்துப் பேசுதல் ஆகுமாக்கப்பட்ட ஆறு நிலைகளை எடுத்துரைக்கின்றார்கள். அநீதியைத் தடுக்க ஆற்றலுள்ளவரிடம் முறையிடுதலும், தீங்கினின்று மக்களை எச்சரித்தலும் அவற்றுள் அடங்கும். தீங்கு செய்யும் சகோதரனுக்குச் செய்யும் உதவி அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே என்பதும் நாம் அறிந்த போதனை. எனவே தேநீர்க்கடையில் இருந்து டொக்டரைப் பற்றிக் கதைத்தல் புறம். பொறுப்புள்ளவரிடம் தனித்துச் சென்று சொல்லுதல் கடமை. நாமோ முன்னதைத் தாராளமாகச் செய்துவிட்டு, பின்னதைப் பாவம் என்று அஞ்சுகிறோம்!

இம்மௌனம் நமக்கு மட்டும் உரியதன்று. 2010ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 1,891 வைத்தியர்களிடம் வினவியதில், தகுதி தளர்ந்த அல்லது திறமை போதாத சக வைத்தியரை நேரில் அறிந்திருந்தோர் நூற்றுக்கு 17 பேர். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் அதனை உரிய இடத்தில் தெரிவிக்கவில்லை. அவர்கள் சொன்ன காரணங்களுள் முதன்மையானது யாது? "வேறொருவர் இதனைக் கவனித்துக்கொள்வார் என்று எண்ணினேன்" என்பதே. ஊர்க்கிணற்றில் விழுந்த குழந்தையை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, எவரும் இறங்காத கதைதான்.

மற்ற நாடுகள் கண்ட வழி

அவுஸ்திரேலியாவில் 2010ஆம் ஆண்டு முதல் ஒரு சட்டம் உண்டு. மது அல்லது போதை மயக்கத்தில் பணிபுரியும் சக வைத்தியரையோ, நோயினால் மக்களுக்குப் பெருந்தீங்கு விளைக்கக்கூடிய நிலையில் உள்ளவரையோ அறிந்த வைத்தியர் அதனைத் தெரிவித்தே ஆகவேண்டும். தெரிவியாதவர்மேல் தொழில் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படலாம். நல்ல சட்டமே. ஆனால் அதில் ஒரு சிக்கல் எழுந்தது. நோயுற்ற வைத்தியர் சிகிச்சைக்குச் சென்றால், அச்சிகிச்சை செய்பவரே அவரைக் காட்டிக்கொடுக்க வேண்டியவராவாரோ என்று அஞ்சி, பலர் சிகிச்சையையே தவிர்க்கக்கூடும் அன்றோ? இதனை உணர்ந்து, 2020ஆம் ஆண்டு முதல், சிகிச்சை செய்யும் வைத்தியருக்கு அக்கடமை மேலும் கடுமையான ஆபத்து உள்ளபோது மட்டுமே எழும் என்று திருத்தினர்.

பிரித்தானியாவிலோ ஒரு பெருந்துயரம் கண்ணைத் திறந்தது. இந்தியாவிற் பிறந்து அங்கு வளர்ந்த டக்ஷா எம்சன் என்னும் இளம் பெண்மணி, தாமே உளநோய் வைத்தியர். நெடுங்காலமாகத் தமக்கு இருந்த உளநோயை, தொழில் கெட்டுவிடுமோ என்ற அச்சத்தினால், சக ஊழியர் அறியாதபடி மறைத்து வாழ்ந்தார். பிள்ளைப்பேற்றுக்குப் பின்னர் நோய் மீண்டும் தாக்க, 2000ஆம் ஆண்டு அவரும் அவருடைய பச்சிளங்குழந்தையும் உயிரிழந்தனர். 2003ஆம் ஆண்டு வெளிவந்த விசாரணை அறிக்கை, நோயுற்ற வைத்தியரைச் சூழ்ந்துள்ள களங்க உணர்வைச் சுட்டிக்காட்டியது. அதன் பயனாக, வைத்தியர்கள் இரகசியமாகச் சென்று சிகிச்சை பெறுவதற்கென 2008ஆம் ஆண்டு லண்டனில் ஒரு தனிச் சேவை தொடங்கப்பட்டது.

இவ்வாறு சிகிச்சை பெற்றவர் மீண்டும் பணிக்குத் தகுதி பெறுவாரா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து விடை கிடைக்கிறது. மது, போதை ஆகியவற்றுக்கு அடிமையான 904 வைத்தியர்களை ஐந்தாண்டு தொடர்ந்து நோக்கிய ஆய்வொன்று 2008ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. அவர்களை முதலில் பணியிலிருந்து விலக்கிச் சிகிச்சை அளித்தனர். பின்னர் பணிக்கு விட்டாலும், திடீர் திடீரெனச் சிறுநீர்ச் சோதனை செய்து பல ஆண்டு கண்காணித்தனர். ஐந்தாண்டின் முடிவில், நிலைமை அறியப்பட்ட 802 பேரில் 631 பேர் அனுமதிப்பத்திரத்தோடு பணியில் இருந்தனர். நூற்றுக்கு ஏறத்தாழ எழுபத்தொன்பது பேர்! சாதாரண மக்களிடம் இத்தகைய வெற்றி காண்பது அரிது. ஹால்ஸ்டெட்டுக்குக் கிடைத்த அன்பும், அவருக்குக் கிடையாத கண்காணிப்பும் ஒன்று சேர்ந்ததே இதன் இரகசியம்.

நாம் செய்யத்தக்கது

நமது நாட்டில் வைத்தியர்களைப் பதிவுசெய்து, அவர்களுடைய தொழில் ஒழுக்கத்தை விசாரிக்கும் அதிகாரம் இலங்கை மருத்துவ சபைக்கு உண்டு. 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டமே அதற்கு அடிப்படை. அரசாங்க வைத்தியசாலையாயின் அதன் அத்தியட்சகர் அல்லது பணிப்பாளரிடமும், அதற்கு மேல் கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரிடமும் முறையிடலாம். ஆனால் சபைக்கும் பணிப்பாளருக்கும் தாமாகக் கண் கிடையாது. கண்டவர் சொன்னாலன்றி அவர்கள் அறியார்.

நோயாளியும் குடும்பத்தவரும் செய்யக்கூடியது எளிது. கொடுத்த மருந்தில் ஐயம் தோன்றினால், பணிவோடு கேளுங்கள்: "டொக்டர், இந்த அளவு சரிதானா என்று ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்." நல்ல வைத்தியர் இதற்குச் சினக்கமாட்டார். வைத்தியரின் நிலை தெளிவாகப் பழுதென்று கண்டால், அங்கேயே கூச்சலிடாமல், தாதிப் பொறுப்பாளரிடம் உடனே சொல்லி, வேறொருவரைப் பார்க்கும்படி கேளுங்கள். பின்னர் நாள், நேரம், கண்ணாற் கண்டது ஆகியவற்றை மட்டும் எழுதிக் கொடுங்கள். "குடிகாரர்" என்று எழுதவேண்டாம். "பேச்சுக் குழறியது, நடை தளர்ந்தது" என்று எழுதுங்கள். நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரை திடீரெனக் குறைந்தாலும் பேச்சுக் குழறும், நடை தள்ளாடும். நோயை முடிவுகட்டுவது நம் வேலையன்று. கண்டதைச் சொல்வதே நம் வேலை.

கைத்தொலைபேசியிற் படம்பிடித்து முகநூலில் இடுவதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். அது வைத்தியரின் பிள்ளைகளைப் பாடசாலையிற் தலைகுனியச் செய்யும். நாளை நோயுறப்போகும் இன்னொரு வைத்தியரை மறைந்துகொள்ளத் தூண்டும். நோயாளியைக் காக்க அது ஒரு சிறிதும் உதவாது.

தாதியருக்கு ஒரு சொல். மருத்துவத்தின் நான்கு கூறுகளுள், நோயாளி, வைத்தியர், மருந்து என்பவற்றோடு உடனிருந்து உதவுபவரையும் சேர்த்து எண்ணினார் வள்ளுவர். தவறை முதலிற் காண்பவர் பெரும்பாலும் நீங்களே. ஒவ்வொரு முறையும் அமைதியாகத் திருத்திக்கொண்டே போவது கருணையாகத் தோன்றலாம். ஆனால் நீங்கள் விடுமுறையில் உள்ள நாளில் அதனைத் திருத்துபவர் யார்? தனியாகச் சொல்ல அஞ்சினால் இருவராகச் சென்று சொல்லுங்கள்.

சக வைத்தியர்களே, உங்கள் தோழரை முதலில் தனியே சந்தியுங்கள். குற்றஞ்சாட்டாதீர்கள், கவலையைச் சொல்லுங்கள். "அடுத்த வாரம் உங்கள் கடமையை நான் பார்க்கிறேன்; நீங்கள் ஒரு நிபுணரைப் பாருங்கள்" என்று வழியையும் காட்டுங்கள். ஏற்றுக்கொண்டால் உடன் செல்லுங்கள். மறுத்தால், அல்லது நாளைய நோயாளிக்கு ஆபத்து என்று கண்டால், அன்றைக்கே மேலதிகாரியிடம் தெரிவியுங்கள். "உங்களுக்குத் தெரியாமல் செய்யவில்லை" என்று அவரிடமும் சொல்லிவிடுங்கள். நட்பு உடைந்தால் பின்னர் ஒட்டலாம். போன உயிரை மீட்க முடியாது.

அதிகாரிகளுக்கும் ஊர்ப் பெரியோருக்கும் ஒரு வேண்டுகோள். முறைப்பாடு வந்தவுடன் வைத்தியரை இரவோடிரவாக வேறூருக்கு மாற்றிவிடுவது தீர்வாகாது. அது நம் ஊரின் ஆபத்தைப் பெயர் தெரியாத இன்னோர் ஊருக்கு அனுப்புவதாகும். அங்கும் தாய்மார் இருக்கின்றனர். அங்கும் குழந்தைகள் இருக்கின்றன. பணியிலிருந்து சிறிது காலம் விலக்கி, சம்பளத்தோடு சிகிச்சைக்கு அனுப்பி, திரும்பியபின் கண்காணிப்போடு பணி கொடுப்பதே நீதி. முறைப்பாடு பொய்யென்று தெரிந்தால், அதனையும் வெளிப்படையாகச் சொல்லி அவருடைய பெயரைக் காப்பது உங்கள் கடன்.

மாணவர்களுக்கு

வைத்தியராகும் கனவோடு படிக்கும் மாணவச் செல்வங்களே! ஒன்பதாம் நூற்றாண்டில் ருஹா நகரத்து இஸ்ஹாக் இப்னு அலீ அர்ருஹாவீ என்பவர் வைத்தியரின் ஒழுக்கத்தைப் பற்றி அரபு மொழியில் ஒரு தனி நூல் இயற்றினார். 'அதபுத் தபீப்' என்பது அதன் பெயர். வைத்தியர் தம் உடலையும் உள்ளத்தையும் பேணும் முறையை அந்நூல் விரித்துப் பேசுகிறது. ஒரு நோயாளி இறந்த பின்னர், அவ்வைத்தியர் எழுதிய குறிப்புக்களைப் பிற வைத்தியர்கள் ஆராய்ந்து தீர்ப்புச் சொல்லும் முறையையும் அது கூறுகிறது. கி.பி. 931இல், ஒரு வைத்தியரின் தவறால் நோயாளி இறந்ததை அறிந்த கலீபா முக்ததிர், பக்தாத் நகரத்து வைத்தியர்களைச் சோதித்த பின்னரே தொழில் செய்ய விடுமாறு ஸினான் இப்னு தாபித்துக்குக் கட்டளையிட்டார். எண்ணூற்றறுபதுக்கு மேற்பட்டோர் அச்சோதனைக்கு உட்பட்டதாக வரலாறு கூறும். வைத்தியரை வைத்தியர் கண்காணித்தல் மேல்நாட்டார் நேற்றுக் கண்ட புதுமையன்று என்பதை இதனால் அறியலாம்.

உலக மருத்துவ சங்கம் 1948ஆம் ஆண்டில் வகுத்த ஜெனீவாப் பிரகடனம் வைத்தியர் எடுக்கும் உறுதிமொழி. அவ்வுறுதிமொழியில், 2017ஆம் ஆண்டு ஒரு புதிய வாக்கியம் சேர்க்கப்பட்டது. சிறந்த சிகிச்சை அளிக்கும் பொருட்டு வைத்தியர் தம்முடைய உடல்நலத்தையும் பேணுதல் வேண்டும் என்பது அதன் கருத்து. எழுபதாண்டு கழித்து உலகம் இதனை எழுத்தில் வைத்தது. நீங்கள் தொடக்கத்திலேயே நெஞ்சில் வையுங்கள். உங்களுக்கென ஒரு வைத்தியரைத் தேடிக்கொள்ளுங்கள். உங்களுக்கு நீங்களே மருந்தெழுதாதீர்கள். உள்ளம் தளரும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் நோயாளருக்கு மட்டும் உரியதன்று, வைத்தியருக்கும் உரியது.

நேயர்களே, வைத்தியரும் நம்மைப்போல் மண்ணாற் படைக்கப்பட்டவரே. அவரை மலக்காக்கி மேலே வைத்தால், அவர் விழும்போது தாங்குவதற்கு எவரும் அருகில் இரார். மனிதராகக் கண்டு, தளர்ந்த வேளையில் கையைப் பிடித்து, "சிறிது நாள் இருந்து நலமாகி வாருங்கள், உங்களுக்காகக் காத்திருக்கிறோம்" என்று சொல்லும் துணிவு ஓர் ஊருக்கு இருக்குமானால், அவ்வூரிலே நோயாளியும் பிழைப்பான், வைத்தியரும் பிழைப்பார்.